ரெண்டு அலைக்கு நடுவுல எவ்வளவு நேரம்?

இன்னைக்கு நாம பேசப் போறது அலைகள் பத்தி. ஸ்கூல்ல படிச்ச அதே இயற்பியல் அலைதான். ஸ்கிப் பண்ணிடாதீங்க, இதுல உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒண்ணு இருக்கு.

வாரத்துல அஞ்சு நாள் நான் கோடிங் பண்றவன். ஞாயிற்றுக்கிழமை காலையில மட்டும் நானும் ரெண்டு நண்பர்களும் பட்டினப்பாக்கம் பக்கத்துல ஒரு சின்ன டியூஷன் சென்டர்ல ஏழாவது, எட்டாவது பசங்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறோம். ஜன்னலைத் திறந்தா கடல் சத்தம் கேக்கும். நிறைய பசங்க மீனவக் குடும்பம். அலைன்னா என்னன்னு அவங்களுக்கு நான் சொல்லணும்னு அவசியமே இல்ல. ஆனா பரீட்சைக்கு ஒரு அட்டவணை இருக்கு. இயந்திர அலை, மின்காந்த அலை. குறுக்கலை, நெட்டலை. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு உதாரணம். எழுதினா மார்க்.

அந்த அட்டவணையை மனப்பாடம் பண்றது கஷ்டமில்ல. ஆனா எதுக்காக வகை பிரிக்கணும்னு அது சொல்றதில்ல. நான் பசங்களுக்கு சொல்ற காரணம் ரொம்ப எளிமையானது. அலையோட வகை மாறினா வேகம் மாறும். வேகம் மாறினா, ஒரே இடத்துல கிளம்பின ரெண்டு அலை நம்மகிட்ட வந்து சேர்ற நேரமும் மாறும். முதல் அலைக்கும் ரெண்டாவது அலைக்கும் நடுவுல கிடைக்கிற அந்த நேரத்துலதான் மனுஷங்க தப்பிச்சிருக்காங்க. இந்த எபிசோடோட மொத்த விஷயமும் இவ்வளவுதான். இதை பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு எப்படிப் புரிய வைக்கிறதுன்னு இப்போ சொல்றேன்.

பசங்களே அலை ஆகுறது

முதல் வகுப்புக்கு எந்தப் பொருளும் வேணாம். பத்துப் பதினஞ்சு பசங்களை வரிசையா, தோளோட தோள் உரசுற மாதிரி நிக்க வைங்க. ஓரத்துல நிக்கிறவனை லேசா பக்கவாட்டுல தள்ளுங்க. அவன் அடுத்தவன் மேல சாய்வான், அவன் அடுத்தவன் மேல. ஒரு தள்ளு வரிசையோட அந்த முனை வரைக்கும் போய்ச் சேரும். தள்ளு போற திசையும் பசங்க அசையற திசையும் ஒண்ணு. இது நெட்டலை. ஒலி காத்துல இப்படித்தான் வருது: ஒரு இடத்துல நெருக்கம், அடுத்த இடத்துல நெகிழ்வு.

இப்போ அதே வரிசை, ஒருத்தர் தோள் மேல ஒருத்தர் கை போட்டுக்கணும். ஓரத்துல நிக்கிறவன் இடுப்பை வளைச்சு முன்னாடி குனிஞ்சு நிமிரணும். அவன் கை இழுக்கிறதால அடுத்தவனும் குனிவான், அதுக்கடுத்தவனும். அலை பக்கவாட்டுல போகுது, பசங்க முன்னும் பின்னும் அசையறாங்க. ரெண்டு திசையும் செங்குத்து. இது குறுக்கலை. சேப்பாக்கம் ஸ்டேடியத்துல மேட்ச் நடக்கும்போது ஒரு பக்கம் எழுந்து உக்காருவாங்க, அது அப்படியே சுத்தி வருமே, அதுவும் இதே ரகம்தான்.

இப்போ மூணாவது சோதனை. தோள்ல இருந்து கையை எடுக்கச் சொல்லுங்க. மறுபடியும் ஓரத்துப் பையன் குனியட்டும். என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. அடுத்தவன் சும்மா நிப்பான். பிடிப்பு இல்லாத இடத்துல இந்தக் குறுக்கலை போகாது. திரவத்துக்குள்ள நடக்கிறது இதுதான். மூலக்கூறுகள் ஒண்ணை ஒண்ணு தள்ளும், ஆனா பக்கவாட்டுல பிடிச்சு இழுக்காது. பூமியோட வெளிக்கருவம் திரவம்னு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்சதும் இதை வச்சுத்தான். நிலநடுக்கத்தோட குறுக்கலைகள் அதுக்குள்ள போகாம நின்னுடுது.

ஆட்டம் முடிஞ்சதும் நான் கேக்கற கேள்வி: "யாராவது இருந்த இடத்தை விட்டு நகர்ந்தீங்களா?" இல்லைன்னு சொல்வாங்க. "அப்போ இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது என்ன?" தள்ளு, ஆட்டம், சக்தின்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்வாங்க. புத்தகத்துல ஆற்றல்னு இருக்கும். அலை ஆற்றலைக் கொண்டு போகும், பொருளைத் தன்னோட கூட்டிட்டுப் போகாது. கடல்லயும் அப்படித்தானே, வலையோட மிதவை ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்கும், கொஞ்சம் முன்ன பின்ன ஆடும், ஆனா அலையோட கரைக்கு ஓடி வராது. மீனவப் பிள்ளைங்க இதை உடனே ஒத்துக்குவாங்க.

போன வருஷம் இந்த இடத்துல ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு கை தூக்கினா. "அண்ணா, அலை தண்ணியைக் கொண்டு வராதுன்னு சொன்னீங்கல்ல? அப்போ சுனாமியில எங்க ஆயா வீட்டுக்குள்ள வந்தது என்ன?"

வகுப்பு அமைதியாயிடுச்சு. அவ பொறக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடி நடந்தது. ஆனா அந்த வீட்டுல அது இன்னும் தினமும் பேசற விஷயம். நான் சொன்னேன், "இது நல்ல கேள்விம்மா. இதுக்குப் பதில் சொல்றதுக்குத்தான் அடுத்த ரெண்டு வகுப்பு." உங்களுக்கும் அந்தப் பதிலைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி இடியிலிருந்து ஆரம்பிக்கணும்.

அர்ஜுனா அர்ஜுனா

மின்னல் வெட்டுது. நம்ம பாட்டி "அர்ஜுனா அர்ஜுனா"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள இடி விழுது. ஒளியும் ஒலியும் ஒரே இடத்துலதான் கிளம்புது. ஒளி மின்காந்த அலை, அதுக்கு ஊடகமே தேவையில்ல, செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர். ஒலி இயந்திர அலை, காத்து வழியா செகண்டுக்கு சுமார் 340 மீட்டர். அப்போ ஒலி ஒரு கிலோமீட்டர் வர்றதுக்கு ஏறக்குறைய மூணு செகண்ட் ஆகும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு எண்ணி மூணால வகுத்தா, மின்னல் எத்தனை கிலோமீட்டர் தள்ளி விழுந்ததுன்னு தெரிஞ்சுடும். ஆறு செகண்ட்னா ரெண்டு கிலோமீட்டர். இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வந்தா மழை மேகம் நம்ம பக்கம் வருதுன்னு அர்த்தம். மொட்டை மாடியிலிருந்து இறங்கிடணும்.

பசங்களுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும். எந்தக் கருவியும் இல்லாம, ரெண்டு அலையோட நேர வித்தியாசத்தை வச்சே தூரத்தை அளந்துட்டாங்க. இதே தந்திரத்தைத்தான் நிலநடுக்க ஆய்வகங்களும் பண்ணுது.

நிலநடுக்கம் வந்தா பாறைக்குள்ள முக்கியமா ரெண்டு அலை கிளம்பும். முதல்ல வர்றது முதன்மை அலை, பி அலைன்னு சொல்வாங்க. அது நெட்டலை, நம்ம தோள் தள்ளுற ஆட்டம். செகண்டுக்கு 6 கிலோமீட்டர், ஆழத்துல போனா 8 கிலோமீட்டர்னு ஓடும். பின்னாடி வர்றது இரண்டாம் நிலை அலை, எஸ் அலை. அது குறுக்கலை, குனிஞ்சு நிமிர்ற ஆட்டம். வேகம் கிட்டத்தட்ட பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆனா கட்டடத்தை அதிகமா உலுக்குறது எஸ் அலையும் அதுக்கப்புறம் வர்ற மேற்பரப்பு அலைகளும்தான். பி அலை பெரும்பாலும் ஒரு சின்ன உதறல். கிட்டத்துல நடந்த நிலநடுக்கம்னா, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற ஒவ்வொரு செகண்டுக்கும் சுமார் 8 கிலோமீட்டர்னு தூரத்தைக் கணக்குப் போடலாம். இடி மின்னல் கணக்கேதான், வேகம் மட்டும் வேற.

இந்த இடத்துல என்னோட தொழில் உள்ள வருது. பி அலையை ஒரு கருவி பிடிக்குது. அது உடனே ரேடியோ வழியாவோ கேபிள் வழியாவோ செய்தி அனுப்புது. பாறைக்குள்ள எஸ் அலை 4 கிலோமீட்டர் நகர்ற அதே ஒரு செகண்டுல செய்தி லட்சக்கணக்கான கிலோமீட்டர் போயிடும். நாங்க ஆபீஸ்ல லேட்டன்சி லேட்டன்சின்னு மில்லிசெகண்டுக்கு சண்டை போடுவோமே, அதுக்கு இங்கதான் உண்மையான அர்த்தம். ஜப்பான்ல 2007 அக்டோபர்லிருந்து பொதுமக்களுக்கு இப்படி எச்சரிக்கை போகுது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துல ஓடிக்கிட்டிருந்த ஷின்கான்சென் ரயில்களுக்குத் தானாவே பிரேக் விழுந்தது. அந்த ரயில்கள்ல ஒரு பயணிகூட சாகலை. இந்தியாவுல 2023 செப்டம்பர்ல ஆண்ட்ராய்டு போன்களுக்கு நிலநடுக்க எச்சரிக்கை வந்தது. போனுக்குள்ள இருக்கிற முடுக்கமானி, ஸ்க்ரீனைத் திருப்பினா படம் திரும்புதே அதுக்கு உதவற அதே சின்ன சில்லு, அதுதான் நடுக்கத்தை உணருது. ஒரே ஏரியாவுல நிறைய போன் ஒண்ணா அதிர்ந்தா, சர்வர் அதை நிலநடுக்கம்னு முடிவு பண்ணி மத்தவங்களுக்கு சொல்லுது.

கிடைக்கிறது சில செகண்டுகள்தான். ஆனா மேஜைக்கு அடியில போக, அடுப்பை அணைக்க, லிப்ட்டுல ஏறாம இருக்க அந்த சில செகண்ட் போதும்.

செடித் தொட்டியில ஒரு சுனாமி

சுனாமிக்கு நாங்க வாங்கினது பால்கனியில செடி வைக்கிற நீள பிளாஸ்டிக் தொட்டி. ஓட்டை இல்லாதது, 60 சென்டிமீட்டர் நீளம். அதுல ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி ஊத்துங்க. ஒரு முனையை லேசா தூக்கி விட்டா ஒரு அலை கிளம்பி அந்த முனைக்குப் போகும். போன்ல வீடியோ எடுத்து நேரம் பாருங்க, கிட்டத்தட்ட ரெண்டு செகண்ட். இப்போ தண்ணியை நாலு சென்டிமீட்டர் ஆக்குங்க. மறுபடியும் தூக்கி விடுங்க. ஒரு செகண்டுல போயிடும். ஆழம் நாலு மடங்கு ஆச்சு, வேகம் ரெண்டு மடங்கு ஆச்சு. எட்டாவது பசங்ககிட்ட வர்க்கமூலம்னு சொன்னா பிடிச்சுக்குவாங்க: ஆழத்தை 9.8ஆல பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வேகம்.

அப்புறம் கடலுக்குப் போவோம். 4,000 மீட்டர் ஆழத்துக்கு அதே கணக்கைப் போடுங்க. செகண்டுக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல. விமானத்தோட வேகம். கரைக்குப் பக்கத்துல 10 மீட்டர் ஆழத்துல? செகண்டுக்கு 10 மீட்டர், மணிக்கு 36 கிலோமீட்டர். முன்னாடி போற தண்ணி மெதுவாகுது, பின்னாடி வர்றது இன்னும் வேகமா வருது. சிக்னல்ல வண்டி நெருக்கிக்கிட்டு நிக்குமே, அந்த மாதிரி. போக இடம் இல்லாம அலை உயரமாகுது. 2004ல சுனாமி கிளம்பி ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு செயற்கைக்கோள் நடுக்கடல்ல அலையோட உயரத்தை அளந்தது, வெறும் 60 சென்டிமீட்டர்தான். அதனாலதான் அன்னைக்கு ஆழ்கடல்ல இருந்த மீனவர்களுக்கு ஒண்ணும் தெரியலை. கரைக்குத் திரும்பி வந்து பார்த்தப்பதான் தெரிஞ்சது.

தொட்டியில இன்னொரு சோதனையும் உண்டு. அடியில ஒரு சிலேட்டை வச்சு, படுத்த வாக்குல பக்கவாட்டுல இழுங்க. மேல பெருசா ஒண்ணும் ஆகாது. அதே சிலேட்டை வெடுக்குனு மேல தூக்குங்க. தண்ணி எழும்பி ரெண்டு பக்கமும் ஓடும். கடல்தரை மேல கீழ நகர்ந்தாதான் பெரிய சுனாமி. 2012 ஏப்ரல் 11ஆம் தேதி சுமத்ராவுக்குப் பக்கத்துல 8.6 அளவுல நிலநடுக்கம் வந்தது. எனக்கு அப்போ பதினஞ்சு வயசு. சென்னையில ஆபீஸ் எல்லாம் காலி ஆகி ஜனங்க தெருவுல நின்னாங்க. சுனாமி எச்சரிக்கையும் கொடுத்தாங்க. ஆனா அந்தத் தடவை தரை பக்கவாட்டுல நகர்ந்தது. பெரிய அலை வரலை, எச்சரிக்கையை வாபஸ் வாங்கிட்டாங்க.

இரண்டரை மணி நேரம்

இப்போ 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கரும்பலகையில ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதுவேன். நம்ம நேரத்துக்குக் காலை 6.29க்கு சுமத்ரா பக்கத்துல 9.1 அளவுல நிலநடுக்கம். அங்கிருந்து சென்னைக்கு சுமார் 2,000 கிலோமீட்டர். பி அலை வர நாலஞ்சு நிமிஷம். எஸ் அலை எட்டு நிமிஷம் வாக்குல. சென்னையில நிறைய பேர் அந்த அதிர்வை உணர்ந்தாங்க. ஒரு ரேடியோ செய்தி வந்திருந்தா அதுக்கு ஆகியிருக்கிற நேரம் ஏழு மில்லிசெகண்ட். சுனாமி வந்து சேர்ந்தது சுமார் இரண்டரை மணி நேரம் கழிச்சு, ஒன்பது மணி வாக்குல.

பசங்க கோட்டைப் பார்த்துட்டு அவங்களே கேப்பாங்க: "அண்ணா, ஏழு மணிக்கே தெரிஞ்சிருக்கலாமே?" தெரிஞ்சிருக்கலாம். பசிபிக் கடலுக்கு 1949லிருந்து எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அன்னைக்கு இல்ல. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் 6,000க்கும் மேல இறந்தாங்க. எல்லா நாடும் சேர்த்து 2 லட்சத்துக்கும் மேல. முதல் அலை வந்து கதவைத் தட்டிட்டுப் போச்சு. அதோட பாஷை நமக்குத் தெரியலை.

அதுக்கப்புறம் 2007 அக்டோபர்ல ஹைதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனத்துல நம்ம சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இப்போ நிலநடுக்கக் கருவி, கடலுக்கு அடியில அழுத்தத்தை அளக்கிற கருவி, கரையோர அலைமானி எல்லாம் சேர்ந்து வேலை செய்யுது. ஆனா மையத்துக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. கரையில நிக்கிற பிள்ளைக்கும் தெரியணும்.

ரெண்டு சம்பவம் சொல்றேன். சுமத்ராவுக்குப் பக்கத்துல சிமுலுவேன்னு ஒரு தீவு. நிலநடுக்கம் நடந்த இடத்துக்கு ரொம்பக் கிட்ட. 1907ல அங்க ஒரு சுனாமி வந்து நிறைய பேரைக் கொண்டு போச்சு. அதிலிருந்து பாட்டி பேரனுக்கு சொல்லி சொல்லி ஒரு விஷயம் அந்தத் தீவுல தங்கிடுச்சு: பூமி பலமா ஆடினா மலைக்கு ஓடு. 2004ல ஓடினாங்க. எழுபதாயிரம் பேருக்கு மேல வாழ்ற தீவுல சுனாமியில இறந்தவங்க ஒரு கைப்பிடி எண்ணிக்கைதான். அவங்ககிட்ட போனும் இல்ல, செயற்கைக்கோளும் இல்ல. முதல் அலையை வச்சு ரெண்டாவது அலையைத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

இன்னொண்ணு தாய்லாந்துல, புக்கெட்டோட மாய் காவ் கடற்கரை. டில்லி ஸ்மித்னு பிரிட்டன்ல இருந்து வந்த பத்து வயசுப் பொண்ணு. ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் புவியியல் வகுப்புல சுனாமி பத்திப் படிச்சிருந்தா. கடல் நுரைச்சுக்கிட்டு வித்தியாசமா நடந்துக்கிறதைப் பார்த்ததும் அப்பா அம்மாகிட்ட பிடிவாதமா சொன்னா. கடற்கரையைக் காலி பண்ணாங்க. அங்க இருந்தவங்க பிழைச்சாங்க. ஒரே ஒரு பாடம், ரெண்டு வாரம் ஞாபகத்துல இருந்தது.

அதனால எங்க வகுப்புல அட்டவணைக்குக் கீழ நாலு வரி சேர்த்து எழுத வைக்கிறோம். கடற்கரையில இருக்கும்போது பூமி ரொம்ப நேரம் ஆடினா, யாரும் சொல்லணும்னு காத்திருக்காம உயரமான இடத்துக்குப் போ. கடல் திடீர்னு உள்வாங்கினா அது அலையோட அகடு, பின்னாடியே முகடு வரும், மீன் பொறுக்க இறங்காதே. உள்வாங்கலைன்னாலும் சுனாமி வரலாம், சில இடத்துல முகடே முதல்ல வரும். ஒரு அலை போனதும் திரும்பாதே, அடுத்தது இன்னும் பெருசா இருக்கலாம், அதிகாரிங்க சொல்ற வரைக்கும் மேலயே இரு.

சரி, அந்தப் பொண்ணோட கேள்வி. அவங்க ஆயா வீட்டுக்குள்ள வந்தது என்ன? மூணாவது வாரம் அவளையே தொட்டி பக்கத்துல நிக்க வச்சு சொன்னேன். "சுமத்ராவுல இருந்த தண்ணி இங்க வரலைம்மா. அங்கிருந்து வந்தது தள்ளு மட்டும்தான். நடுக்கடல்ல அந்தத் தள்ளு போகும்போது தண்ணி சில பத்து மீட்டர் முன்ன பின்ன நகர்ந்துட்டு நின்னுடும். ஆனா 4,000 மீட்டர் ஆழத் தண்ணி முழுசையும் ஆட்டின ஆற்றல் நம்ம கரையில பத்து மீட்டர் தண்ணிக்குள்ள வந்து நெருக்குது. சாதாரண அலை சில செகண்டுல திரும்பிப் போயிடும். இது பல நிமிஷம் விடாம தள்ளும். அப்போ நம்ம பட்டினப்பாக்கம் கடல் தண்ணியே நூத்துக்கணக்கான மீட்டர் நகர்ந்து ஊருக்குள்ள வந்துடுச்சு. ஆயா வீட்டுக்குள்ள வந்தது ஆயா தினமும் பார்த்த கடல்தான்."

அவ கொஞ்ச நேரம் யோசிச்சா. அப்புறம், "இதை ஆயாகிட்ட சொல்லட்டுமா அண்ணா?"ன்னு கேட்டா. சொல்லுன்னு சொன்னேன். அடுத்த வாரம் அவ ஆயாவே வகுப்பு வாசல்ல வந்து நின்னாங்க. அன்னைக்குக் காலையில பூமி ஆடினப்போ பானையில தண்ணி தளும்பினதை அவங்க பார்த்திருக்காங்க. "அது சொல்லிட்டுத்தான் வந்துச்சா தம்பி?"ன்னு கேட்டாங்க. "ஆமாங்க ஆயா"ன்னேன். வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை. அவங்க உக்காந்து மத்த பசங்களுக்கு அந்த நாளைப் பத்தி சொன்னாங்க. நான் எடுத்த எந்த வகுப்பையும் விட பசங்க அதைக் கவனமா கேட்டாங்க.

உங்க வீட்டுல, அபார்ட்மென்ட்ல ஏழாவது எட்டாவது படிக்கிற பிள்ளைங்க இருந்தா, இந்த வாரக் கடைசியில ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஒரு தொட்டி, ஒரு சிலேட்டு, ஒரு கயிறு, உங்க போன் ஸ்டாப்வாட்ச். நூறு இருநூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுடும். வாய்ப்பாடு வரலைன்னா பரவாயில்ல. எந்த அலை முன்னாடி வரும், எது பின்னாடி வரும், நடுவுல என்ன செய்யணும், இந்த மூணு கேள்விக்கும் அந்தப் பிள்ளை பதில் சொல்லிட்டா போதும்.

செஞ்சு பார்த்துட்டு வீடியோ அனுப்புங்க. பசங்க கேட்ட கேள்விகளையும் கட்டாயம் அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல அதுல சிலதை எடுத்துப் பேசலாம். அதுவரைக்கும் பத்திரமா இருங்க.